கர்லிங் என்னும் கல்லாட்டமும் கனடா தேசத்தாரின் ஆண்டுப் போட்டியும்

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரங்களில் கல்லறுக்கும் பட்டறைகளும் மெருகிடும் தொழிற்சாலைகளும் மலிந்திருத்தலை நம் கல்லூரியிற் பயின்றவர் யாவரும் அறிவர். சென்ற ஆண்டு பௌதிக வகுப்பு மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு யாம் அவற்றுள் ஒன்றைப் பார்வையிடச் சென்றோம். இயந்திரங்களையும் வைரம் பதித்த வாட்களையும் கண்டு முடித்துப் பின்புறம் வந்தபோது, கழிவுக் குவியலொன்றில் வட்டவட்டமான கல்வில்லைகள் பல கிடந்தன. கை கழுவும் தொட்டியைப் பொருத்துவதற்காகப் பலகைக் கல்லில் துளை அறுக்கும்போது உள்ளிருந்து கழன்று விழுபவை அவை. ஒரு முகம் கண்ணாடிபோல் மெருகேறியது. மறு முகம் கரடு. தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 6 கிலோவுக்குக் குறையாது. இவை எதற்குப் பயன்படும் என்று ஒரு மாணாக்கன் வினவினான். பள்ளம் நிரப்பக் கொட்டுவதன்றி வேறு பயனில்லை என்றார் பட்டறைக் கணக்கர். இத்தகைய வட்டக் கல்லொன்றைப் பனித்தரைமேல் வழுக்கிவிட்டு, அஃது எங்கே சென்று நிற்கின்றது என்று காண்பதற்காகக் கனடா தேசத்தார் ஆண்டுதோறும் ஒன்பது பத்து நாட்களை ஒதுக்கிவைக்கின்றனர் என்னும் செய்தி அப்பொழுது எம் நினைவுக்கு வந்தது. மாணாக்கரிடம் அதனைக் கூறினோம். அவர்கள் நம்பவில்லை.

இக்கட்டுரையை எழுதப் புகுந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது சற்று வெட்கத்துக்குரியதாயினும் மறைப்பதற்கில்லை. அப்பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னர், எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு கல்லூரியாரோடு நம் மாணாக்கர் கபடி ஆடினர். ஆட்டம் முடிய இரண்டு நிமிடமே இருந்தது. பாடிச் சென்ற நம் பிள்ளையின் கால் கோட்டைக் கடந்தது என்றனர் அவர்கள். கடக்கவில்லை என்றனர் நம்மவர்கள். நடுவர் கண்டிலர். சொல் தடித்தது, பின் ஆட்டம் மறந்துபோய் மொழி பேசப்பட்டது, காவிரி பேசப்பட்டது, இரண்டு பெஞ்சுகள் உடைந்தன. போட்டி நிறுத்தப்பட்டது. பேருந்தில் ஒசூர் திரும்பும் வழியில் அப்பிள்ளை எம் அருகில் வந்தமர்ந்து, “ஐயா, கால் பட்டது உண்மைதான்” என்று தாழ்ந்த குரலிற் கூறினான். ஏன் அங்கே கூறவில்லை என்று கேட்டோம். நடுவர் கேட்கவில்லையே என்றான். அவ்விடை எம் மனத்தை நெடுநாள் வருத்திக்கொண்டிருந்தது. நடுவர் கேளாமலே தன் பிழையைத் தானே கூறுதல் ஆட்டத்தின் சட்டமாகவே அமைந்துள்ள ஒரு விளையாட்டைப் பற்றி நம் மாணாக்கர் அறிதல் நலமென்று எண்ணினோம். அவ்விளையாட்டே கர்லிங்.

நிற்க. விளையாட்டின் அமைப்பை முதலிற் காண்போம். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமும் 5 மீட்டருக்குச் சிறிது குறைந்த அகலமும் உடைய பனிக்கட்டித் தடம் ஒன்று. அதன் இரு கோடியிலும் ஒன்றனுள் ஒன்றாக வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். வெளிவட்டத்தின் குறுக்களவு 12 அடி. இவ்வட்டத் தொகுதியை அவர்கள் வீடு என்றே அழைக்கின்றனர். கட்சிக்கு நால்வர், ஒவ்வொருவருக்கும் இரண்டு கல். இரு கட்சியாரும் மாறிமாறி ஒரு கோடியிலிருந்து மறுகோடியிலுள்ள வீட்டை நோக்கிக் கல்லை வழுக்கிவிடுவர். பதினாறு கற்களும் விடப்பட்ட பின்பு எண்ணிக்கை நடைபெறும். நடுப்புள்ளிக்கு மிக அண்மையிலுள்ள கல் எவருடையதோ அவருக்கே அச்சுற்றின் வெற்றி. எதிரியின் மிக அண்மைக் கல்லைவிட நெருங்கிக் கிடக்கும் தம் கற்கள் எத்தனையோ அத்தனை எண்ணிக்கை அவருக்குக் கிடைக்கும். மற்றவர்க்கு ஒன்றுமில்லை. பெரும் போட்டிகளில் இவ்வாறு பத்துச் சுற்று ஆடுவர். கோலி ஆடிய கைகளுக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது. நாம் வட்டத்தினுள் இருக்கும் குண்டை அடித்து வெளியேற்றுகிறோமன்றோ? அவர்களும் எதிரியின் கல்லை அடித்து விரட்டுவர். அல்லது தம் கல்லை முன்னே காவல் நிறுத்தி, அதன் மறைவில் வேறொரு கல்லை வளைந்து நுழையச் செய்வர்.

வளைந்து என்றோம். அதிலேதான் இவ்விளையாட்டின் உயிர் உளது. கல்லை விடுங்கால் கைப்பிடியை மெல்லத் திருப்பிவிடுவர். கல் ஏறத்தாழ 28 மீட்டர் தூரத்தை அரை நிமிடத்துக்கு உட்பட்ட நேரத்தில் கடக்கும். அதற்குள் இரண்டு மூன்று முறையே சுழலும். ஆயினும் நேர்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலும் விலகி வளையும். எப்பக்கம் வளையும் என்பதில் ஒரு வியப்பு உண்டு. மாணாக்கர் வீட்டிலேயே சோதித்தறியலாம். ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, வழவழப்பான மேசைமேல் வலஞ்சுழியாகச் சுழற்றி முன்னோக்கித் தள்ளினால் அஃது இடப்பக்கம் வளையும். ஓடும் பொருள் முன்பக்கம் சாய்ந்து அழுந்துவதால் அங்கே உராய்வு மிகும் என்பது அதற்குரிய காரணம். கர்லிங் கல்லோ வலஞ்சுழியாகச் சுழன்றால் வலப்பக்கமே வளைகின்றது! ஸ்வீடன் தேசத்து உப்சலா சர்வகலாசாலையார் 2013ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தனர். கல்லின் முன்விளிம்பிலுள்ள நுண்ணிய கரடு பனியில் மெல்லிய கீறல்களை இடுகின்றது; பின்விளிம்பு அக்கீறல்களைக் கடக்கும்போது அவற்றின் வழியே இழுக்கப்படுகின்றது என்பது அவர்தம் கொள்கை. வேறு அறிஞர் வேறு காரணம் கூறுவர். ஐந்நூறு ஆண்டுகளாக ஆடப்படும் ஆட்டத்தின் அடிப்படையே இன்னும் வழக்கில் நிற்பது பௌதிகம் பயில்வோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியேயன்றி வேறன்று.

பனித்தரையும் வெறும் வழுவழுப்பான தரையன்று. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் நீர்த்துளிகளைத் தெளிப்பர். அவை உறைந்து அம்மைத் தழும்புபோல் சிறுசிறு மேடாக நிற்கும். கல்லின் அடிப்புறம் குழிந்திருப்பதால், வளையல்போன்ற ஒரு மெல்லிய விளிம்பு மாத்திரமே அம்மேடுகளின் தலைமீது ஊர்ந்து செல்லும். கல் ஓடுகையில் அதன் முன்னே இருவர் துடைப்பங்கொண்டு தரையை வேகமாகத் தேய்த்தோடுவதைப் படத்திற் கண்டு நகைத்தோர் பலர். தேய்ப்பதாற் பனி சிறிது வெம்மையுற்று உராய்வு குறைகின்றது; கல் மூன்று நான்கு மீட்டர் தூரம் கூடுதலாகச் செல்லும்; வளைவதும் தாமதிக்கும். எனவே கைவிட்டுப் போன கல்லையும் துணைவர் காப்பாற்ற இயலும். அம்பு வில்லை விட்டகன்ற பின்னரும் அதனை நடத்தும் ஆட்டம் வேறு யாதுளது?

இனி, அக்கல்லைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். கல் நம் மாவட்டத்தின் சொத்தாதலின் வாசகர் பொறுப்பராக. கைப்பிடியோடு சேர்த்து அதன் நிறை 44 பவுண்டுக்கு, அதாவது 20 கிலோவுக்குச் சிறிது குறைந்த அளவுக்கு, மேற்படலாகாது. சுற்றளவு 36 அங்குலத்துக்கு மேற்படலாகாது. ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடப்படும் கற்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ஐல்சா கிரெய்க் என்னும் சிறு தீவிலிருந்து கிடைப்பவை. கடலினின்று 338 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு தனிப் பாறையே அத்தீவு. மாக்லின் என்னும் ஊரில் 1851 முதல் தொழில் நடத்திவரும் கேஸ் என்னும் கம்பெனியாரே அக்கல்லை எடுக்கும் உரிமை பெற்றவர். அங்கே இருவகைக் கல் முக்கியம். நீலநிறக் கல் மிக நுண்ணிய மணியுடையது. நீரை ஏறக்குறைய உறிஞ்சாது. ஆதலால் உறைந்து வெடிக்காது. அதனை அடிவிளிம்புக்குப் பதிக்கின்றனர். பச்சைநிறக் கல் மோதலைத் தாங்கவல்லது. அதனால் உடலை அமைக்கின்றனர். வேல்ஸ் நாட்டின் ட்ரெபர் கல்லும் பல நாடுகளில் ஆடப்படுகின்றது.

நம் பர்கூர், ஜகதேவி வட்டாரத்துக் கல்லை உலகச் சந்தையில் பாரடைசோ என்பர். ஊதாவும் வெள்ளையும் கருமையும் நீரோட்டம்போற் கலந்து வரியோடிய அழகு அதற்கு உண்டு. அவ்வழகே கர்லிங் ஆட்டத்துக்குக் குறையாகிவிடும். வரிக்கு வரி கடினம் வேறுபடும் கல்லில் எங்கும் ஒரே சீரான விளிம்பு அமைதல் அரிது. மோதுங்கால் வரி வழியே பிளக்கவுங்கூடும். கல்தச்சர் எவரும் இதனை நொடியிற் கூறிவிடுவர்.

மற்றொரு வேற்றுமையும் கருதத்தக்கது. ஐல்சா கிரெய்க் தீவு இப்பொழுது பறவைகளின் காப்பிடம். வெடி வைத்துப் பாறையைத் தகர்க்க அங்கே இடமில்லை. 2002ஆம் ஆண்டிலும், பின்னர் 2013ஆம் ஆண்டிலும் கம்பெனியார் தோணியோடு சென்று, முன்னமே உதிர்ந்து கிடக்கும் பாறைகளை மாத்திரம் அள்ளி வந்தனர். அச்சிறிய சேமிப்பைக் கொண்டு பல்லாண்டு உலகுக்கெல்லாம் கல் வழங்குகின்றனர். நம் பக்கத்தில் நேற்றுக் கண்ட குன்று இன்று குழியாய்க் கிடப்பதும், நடுகற்களும் மல்லச்சந்திரத்திற் காண்பதுபோன்ற கற்றிட்டைகளும் நிறைந்த நிலத்தின்மேல் லாரித் தடம் பதிவதும், கல்லறுக்கும் தூளை மூச்சில் வாங்கிச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு இரையாகும் தொழிலாளர் நிலையும் நாம் காணாதவையல்ல. நீர் தெளித்து அறுத்தலும் முகமூடி அணிதலும் பெருஞ்செலவினவும் அல்ல. இது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். எழுத வல்லார் எழுதுக.

ஆட்டத்தின் பிறப்பிடம் ஸ்காட்லாந்து. 1511 என்னும் ஆண்டு பொறித்த கல்லொன்று ஸ்டர்லிங் நகரத்தருகே கிடைத்துளது. 1838இல் எடின்பரோவில் ஒரு தலைமைக் கழகம் தோன்றிச் சட்டங்களை ஒழுங்குபடுத்திற்று. 1842ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் ஸ்காட்லாந்து சென்றபோது இவ்விளையாட்டைக் காண விரும்பினார், பருவமோ பனிக்காலமன்று. எனவே மான்ஸ்பீல்டு பிரபு தம் ஸ்கோன் மாளிகையின் நடனக்கூடத்து மெருகிட்ட மரத்தரைமேலேயே கல்லை ஓட்டிக் காட்டினாராம். மறு ஆண்டே கழகத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. ஏரிகள் உறைந்த காலங்களில் அந்நாட்டார் வடக்கர், தெற்கர் எனப் பிரிந்து ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி ஆடிய பெரும் போட்டியொன்றும் 1847 முதல் உண்டு. ஏரி போதிய கனத்துக்கு உறையாமையால் 1979க்குப் பின் அது நடைபெறவில்லை. ஆட்டத்தின் தாயகத்திலேயே இயற்கைப் பனி அரிதாகிவிட்டது.

ஸ்காட்லாந்தினின்று குடியேறியவர்கள் இதனைக் கனடாவுக்குக் கொண்டு சென்றனர். மான்ட்ரியால் நகரில் 1807லேயே கழகம் தோன்றிற்று. கியூபெக் மாகாணத்தார் கல்லுக்குப் பதிலாக இரும்புக் கட்டிகளை வார்த்து நெடுங்காலம் ஆடினர். டொராண்டோவில் 1875இல் எழுந்த கழகமோ கல்லின் பெயரையே பூண்டு கிரானைட் கிளப் என வழங்கலாயிற்று. இக்கழகத்தின் கட்டிடத்தில்தான் 1927ஆம் ஆண்டு முதன்முதலாகத் தேசம் முழுவதற்குமான ஆடவர் போட்டி நடைபெற்றது. எட்டுக் கட்சிகள் வந்தன. அட்லாண்டிக் கரையிலுள்ள ஹாலிபாக்ஸ் நகரத்து மர்ரே மக்நீல் என்பார் தம் வழக்கமான துணைவர் பயணம் செய்ய இயலாமையால், அக்கழகத்தில் தலைவர்களாய் ஆடும் வேறு மூவரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். நான்கு தலைவர்கள் ஒரே கட்சியில்! ஒருவர் சொல் மற்றவர்க்கு ஏறுமோ என்று ஐயுறுவோம். அவர்களே வென்றனர்.

இப்போட்டிக்குப் பிரையர் என்று பெயர். மக்டொனால்டு என்னும் புகையிலைக் கம்பெனியார் பொருளுதவி செய்தமையால் அவர்தம் சரக்கொன்றின் பெயரே போட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. அக்கம்பெனியின் அடையாளமான இதய வடிவமே இன்றும் ஆட்டக்காரர் மார்பில் ஊதாநிறப் பட்டையாய்த் தைக்கப்படுகின்றது. அதனைப் பெறுதல் வாழ்நாட் சிறப்பு. 1980 முதல் ஒரு மதுக் கம்பெனியும், பின்னர் வேறு சில வியாபாரிகளும் செலவை ஏற்றனர். நல்லதொரு விழா புகையிலையிற் பிறந்து மதுவில் வளர்ந்தது எமக்கு உவப்பில்லை. ஆயினும் வரலாறு நம் உவப்பைக் கேட்டு நடப்பதில்லை. 1943 முதல் 1945 வரை உலகப் போரின் பொருட்டுப் போட்டி நிறுத்தப்பட்டது. 2021இல் பெருந்தொற்றின் காரணமாகக் கால்கரி நகரில் பார்ப்போர் ஒருவருமின்றி நடைபெற்றது. பெண்டிர்க்கான தேசியப் போட்டி 1961இல் தொடங்கி இன்று ஆடவர் போட்டிக்கு நிகரான புகழ் பெற்றுளது. சஸ்காச்சுவான் மாகாணத்து சாண்ட்ரா ஷ்மிர்லர் 1993, 1994, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதனை வென்று, 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் தங்கமும் பெற்று, 2000ஆம் ஆண்டில் 36ஆம் வயதிலேயே காலஞ்சென்றார்.

இப்போட்டியின் தனித்தன்மை யாதெனின், ஆடுவோர் தமக்காக ஆடாது தம் மாகாணத்துக்காக ஆடுதலே. ஊர்க் கழகத்தில் வென்றவர் மாகாணத்திலும், மாகாணத்தில் வென்றவர் தேசத்திலும் ஆடுவர். ஆதலால் நெடுங்காலம் இதில் புகழ்பெற்றோர் வேறு தொழில் செய்து உண்டவர்களே. மானிடோபா மாகாணத்துக்காக 1936, 1942, 1949 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடிய கென் வாட்சன் பள்ளியாசிரியராயிருந்தவர். 1959 முதல் 1963 வரையுள்ள ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை வென்ற எர்னீ ரிச்சர்ட்ஸன் தம் சகோதரரையும் ஒன்றுவிட்ட சகோதரரையும் துணைவராகக் கொண்டு ஆடினார்.

நியூபவுண்ட்லாந்து என்னும் தீவு 1949இல்தான் கனடாவோடு இணைந்தது. 1951 முதல் பிரையரில் கலந்துகொண்டு ஆண்டுதோறும் தோற்றுவந்த அம்மாகாணம், 1976இல் ஒருவரும் எதிர்பாராவண்ணம் ஒருமுறை வென்றது. பின்னர் நாற்பத்தோராண்டு வெற்றி இல்லை. அத்தீவைச் சேர்ந்த பிராட் குஷூ 2006ஆம் ஆண்டு டூரின் ஒலிம்பிக்கில் இறுதியாட்டம் ஆடியபோது, பிள்ளைகள் காணட்டுமென்று பள்ளிகளுக்கு அரைநாள் விடுமுறை விட்டனராம். அவர் தங்கம் வென்றார்; ஆயினும் தம் தேசத்துப் போட்டி மாத்திரம் கைகூடவில்லை. 2017இல் போட்டி அவர் ஊராகிய செயின்ட் ஜான்ஸிலேயே நடைபெற்றது. இறுதியாட்டம் சமநிலை, மிஞ்சியது அவர் கையிலிருந்த ஒரே கல். அதனை விட்டார். விட்ட கணத்திலேயே வேகம் போதாதென்று தெரிந்தது. துணைவர் இருவர் துடைப்பத்தின்மேல் தம் உடல் முழுவதையும் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே ஓடினர். கல் ஊர்ந்து ஊர்ந்து வட்டத்தினுள் புகுந்து, வேண்டிய இடத்தைத் தொட்டு நின்றது. ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் வெற்றி. அவ்வெற்றி விட்டவருடையதா, தேய்த்தவருடையதா என்று அங்கே எவரும் பிரித்துக் கேட்கவில்லை.

இதனால் அங்கே பிணக்கே இல்லையென்று கருதற்க. 2015 முதல் 2017 வரை, வலி குன்றிய மாகாணத்தார் முன்னதாக ஒரு தகுதிச் சுற்று ஆடவேண்டும். தோற்றவர் விழாத் தொடங்குமுன்பே ஊர் திரும்பவேண்டும் என்று விதி செய்தனர். ஆட்டத்தின் தரம் உயரும் என்றனர் ஒருசாரார். பல நூறு மைல் வந்தவனை வாயிலிலேயே திருப்பியனுப்புதல் தேசப் போட்டியின் கருத்துக்கே மாறு என்றனர் மற்றவர். 2018இல் அவ்விதி நீக்கப்பட்டு, வடதுருவத்தை அடுத்த நுனாவுட் பிரதேசம் வரை அனைவர்க்கும் நேரிடையாக இடம் தரப்பட்டது. பிற்கூறியவர் பக்கமே நியாயம் உளதென்பது எம் கருத்து. எப்பொழுதும் தோற்கும் கட்சியில்லாத போட்டி வல்லவர்களின் போட்டியாகலாம். தேசத்தின் போட்டி ஆகாது.

2015இல் எழுந்த துடைப்ப வழக்கும் கேட்கத்தக்கது. புதுவகைத் துணி பதித்த துடைப்பத்தால், ஓடும் கல்லை நினைத்த பக்கம் திருப்ப இயலும் என்று கண்டுபிடிக்கப்பட்டது. விட்டவன் கைத்திறனுக்கு அதனால் மதிப்பில்லாமற் போகும். சட்டமோ அதனைத் தடுக்கவில்லை. அந்நிலையில் முன்னணி ஆட்டக்காரர் பலர் தாமே ஒன்றுகூடி, அத்தகைய துணியைப் பயன்படுத்துவதில்லை என்று கையொப்பமிட்டனர். அதிகாரிகள் எல்லார்க்கும் பொதுவாக ஒரே துணியை விதித்தது அதற்கு மறு ஆண்டிலேதான்.

இதுவே நம்மைக் கபடிக் களத்துக்குத் திரும்பக் கொண்டுவருகின்றது. கர்லிங் ஆட்டத்தில் ஓடும் கல்லின்மேல் ஆட்டக்காரன் காலோ துடைப்பமோ பட்டுவிட்டால் அக்கல்லை எரிந்த கல் என்பர். தேய்த்துக்கொண்டு ஓடுகையில் அஃது எளிதில் நிகழும். தொட்டவனன்றி வேறொருவர் அறிதல் அரிது. நடுவர் அங்கே உண்டு. எனினும், பட்டுவிட்டது என்று தொட்டவன் உடனே வாய்விட்டுக் கூறவேண்டும் என்பதே மரபு. வீட்டை நெருங்கிய நிலையிற் பட்டதாயின், கல் நின்ற பின்பு எதிர்க்கட்சித் தலைவன் தீர்ப்புக் கூறுவான். அக்கல்லை நீக்கலாம், அல்லது, கிடந்தபடியே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். பிழை செய்தவன் வழக்கைத் தானே எடுத்துரைக்க, அதனால் ஊறுபட்டவனே நீதிபதியாய் அமர்தல் எத்துணை துணிவான ஏற்பாடு! தோல்வி உறுதி எனக் கண்ட தலைவன் கடைசிச் சுற்றுவரை காத்திராது கையுறையைக் கழற்றிக் கை கொடுப்பதும், வென்றவர் தோற்றவர்க்கு விருந்தளிப்பதும் அங்கே வழக்கம்.

இவற்றையெல்லாம் வகுப்பிற் கூறிய பின், மாணாக்கர் பட்டறைக்கு மீண்டும் சென்று அவ்வில்லைகளுட் பதினாறை இலவசமாகப் பெற்று வந்தனர். மெருகேறிய முகம் கீழாக, கரட்டு முகத்தின்மேல் கயிற்றுப் பிடியொன்று பசையிட்டு ஒட்டினர். பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஒசூர் ரோஜாக்களைக் காக்கும் குளிரறைகளையும் ஐஸ் வண்டியையும் தவிர நமக்கு அதனோடு உறவில்லை. ஸ்கோன் மாளிகையின் மரத்தரை நினைவுக்கு வர, விடுதியின் நீண்ட தாழ்வாரத்தில் சோப்பு நீர் ஊற்றி, சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வரைந்தனர். துடைப்பத்துக்குத் தரை தள்ளும் ரப்பர் வைப்பர். கல் வளையவில்லை, அதற்கு நாம் என் செய்வோம்? ஆயினும் ஓடியது.

மூன்றாம் நாள் மாலை முதல்மாடியாரும் கீழ்த்தளத்தாரும் ஆடினர். கீழ்த்தளத்தாருக்குத் தலைவன், பேருந்தில் எம் அருகே வந்தமர்ந்த அக்கபடிப் பிள்ளை. கடைசிக் கல் முதல்மாடியாருடையது. ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்து பயிலும் முதலாண்டு மாணாக்கன் ஒருவன் அதன் முன்னே தள்ளிக்கொண்டு ஓடினான். கல் வட்டத்தின் நடுவே சென்று நின்றது. மாடியார் ஆரவாரித்தனர். அப்பையன் நிமிர்ந்து நின்று, “அண்ணா, வைப்பர் பட்டுச்சு” என்றான். யாம் அருகிலேயே நின்றிருந்தோம், காணவில்லை. பிறரும் கண்டிலர். தலைவன் குனிந்து அக்கல்லைச் சிறிது நேரம் பார்த்தான். பின்னர் அப்பையனைப் பார்த்தான்.

“இருக்கட்டும் தம்பி, எண்ணுங்க” என்றான்.

அந்த ஒரு கல்லால் கீழ்த்தளத்தார் தோற்றனர். தாழ்வாரம் இரவு முழுதும் ஈரமாயிருந்ததென்று விடுதிக் காப்பாளர் மறுநாள் எம்மிடம் முறையிட்டார். வில்லைகள் இப்பொழுது பௌதிக ஆய்வுக்கூடத்தின் மேசையடியில் அடுக்கப்பட்டுள்ளன. சனிக்கிழமைகளில் கேட்டுப் பெறலாம்.